ரெண்டு கட்சியும் திட்டினா நம்ம பேப்பர் நடுநிலைன்னு அர்த்தமா? புகார் வந்தா எப்படி கையாள்றது?

நைட்_டெஸ்க்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு நாளிதழோட மாவட்டப் பதிப்புல சப் எடிட்டரா இருக்கேன், பேப்பர் பேரு வேண்டாம். கொஞ்ச நாளா வாசகர் புகாரெல்லாம் நீயே பாத்துக்கப்பான்னு என்கிட்ட விட்டுட்டாங்க. தெரு விளக்கு எரியல, சினிமா நேரம் தப்பு இந்த மாதிரி வந்தா பிரச்சனையே இல்ல. கட்சிக்காரங்க, அமைப்புக்காரங்க கிட்ட இருந்து வர்றதுதான் என்ன பண்றதுன்னு புரியல. காலைல பேப்பர் போய் சேர்ந்த உடனே ஆரம்பிச்சிடும், எங்க கூட்டத்துக்கு ரெண்டாயிரம் பேர் வந்தாங்க நீங்க நூற்றுக்கும் மேற்பட்டோர்னு போட்டிருக்கீங்க, அவங்க மாவட்ட செயலாளர் போட்டோ மூணு காலம் எங்காளு போட்டோ ஸ்டாம்ப் சைஸ், இப்படி.

இதெல்லாம் வழக்கமா வர்றதுதான்னு வெச்சுக்கலாம். ஆனா போன வாரம் வந்த ஒண்ணு மனசை விட்டு போகல. ஒரு சின்ன தலித் அமைப்போட நகரப் பொறுப்பாளர் நேர்ல வந்தார். சத்தம் போடல. பையில இருந்து ரெண்டு கட்டிங் எடுத்து டேபிள்ல பக்கத்துல பக்கத்துல வெச்சார். ரெண்டுமே சாலை மறியல் செய்தி, ரெண்டுமே குடிநீர் பிரச்சனை, ரெண்டுலயும் பஸ் முக்கால் மணி நேரம் நின்னுருக்கு. பெரிய கட்சி ஒண்ணோட ஒன்றியக் கிளை நடத்தினதுக்கு நாங்க போட்ட தலைப்பு "குடிநீர் கேட்டு சாலை மறியல்". இவங்க நடத்தினதுக்கு போட்டது "திடீர் மறியலால் பொதுமக்கள் அவதி". உள்ள படிச்சா முதல் செய்தில கோரிக்கை முதல் பாராவுலயே இருக்கு, இவங்களோடதுல கடைசி வரி. அதையும் பக்கம் கட்டும்போது வெட்டிட்டாங்க. எதுக்காக மறியல் பண்ணாங்கன்னே செய்தில இல்ல. "ஒரு தகவலும் தப்பில்ல சார், ஆனா இதைப் படிச்சவங்க எங்களைப் பத்தி என்ன நினைப்பாங்க"ன்னு கேட்டார். என்னால ஒண்ணும் சொல்ல முடியல, பாக்குறேன்னு சொல்லி அனுப்பினேன்.

நியூஸ் எடிட்டர்கிட்ட காட்டினா, விடுப்பா ரெண்டு பக்கமும் நம்மளத் திட்டுறான்னா நாம சரியா இருக்கோம்னு அர்த்தம்னு சொல்லிட்டார். அனுபவஸ்தர், அவர் மேல மரியாதை இருக்கு, ஆனா இந்தப் பதில் எனக்கு ஒட்டல.

எனக்குத் தெரிய வேண்டியது, தகவல் தப்பில்லாம சாய்வு மட்டும் இருக்குன்னு புகார் வந்தா என்ன பண்றது? அதுக்கு திருத்தம் போட முடியுமா? கட்சி ஐடி விங்ல இருந்து ஒரே வாசகத்துல நூறு வாட்ஸ்அப் வருதே அதை எப்படி எடுத்துக்கிறது? பிரஸ் கவுன்சில் (பத்திரிகைங்க மேல வர்ற புகாரை விசாரிக்கிற அமைப்பு) போவேன், வக்கீல் நோட்டீஸ் விடுவேன்னு சொல்றவங்களுக்கு என்ன பதில்? இந்த வேலை பாத்தவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பழைய_புரூப்:

தம்பி, டெஸ்க்ல ரொம்ப வருஷம் இருந்து ரிட்டையர் ஆனவன். உங்க நியூஸ் எடிட்டர் சொன்ன அதே வசனத்தை என் காலத்துலயும் சொல்வாங்க. சொன்னதும் மனசு லேசாயிடும், புகாரை படிக்க வேண்டியதில்லன்னு ஆயிடும், அதனாலதான் அது ஆபத்தான வசனம். ரெண்டு பக்கமும் திட்டலாம், ரெண்டு பேரு திட்டுறதும் சரியாவும் இருக்கலாம், காலைல ஒருத்தனுக்கு தப்பு பண்ணிட்டு சாயங்காலம் இன்னொருத்தனுக்கு தப்பு பண்ணா நடுநிலை ஆயிடுமா என்ன.

முதல் வேலை, யாரு சொல்றாங்கன்னு பாக்காதீங்க, எந்த வரின்னு கேளுங்க. "நீங்க எப்பவுமே அவங்களுக்கு ஜால்ரா"ன்னு ஒருத்தர் போன்ல கத்தினா, சரிங்க எந்த தேதி பேப்பர், எந்தப் பக்கம், எந்த வரின்னு அமைதியா கேட்டு எழுதிக்குங்க. பாதி பேர் அதோட வெச்சிடுவாங்க, மீதி பேர் சொல்ற வரில சரக்கு இருக்கும். அந்த நூறு வாட்ஸ்அப்புக்கும் இதே விதிதான், நூறு பேர் அனுப்பினாலும் புகார் ஒண்ணுதான், அந்த ஒண்ணை ஒழுங்கா பாருங்க. கூட்டமா வந்ததுங்கறதுக்காக பயந்து திருத்தவும் கூடாது, கூட்டமா வந்ததுங்கறதுக்காகவே குப்பைல போடவும் கூடாது, ஏன்னா சில சமயம் அந்த நூறு பேரு ஃபார்வர்ட் பண்ற மெசேஜ்ல உண்மையாவே ஒரு பேரு தப்பு, ஒரு தொகை தப்பு கிடக்கும்.

அடுத்து ஒரு நோட்டு போடுங்க. கம்ப்யூட்டர்ல இருந்தாலும் சரி. தேதி, யாரு, எந்த செய்தி, என்ன குறை, யாரு விசாரிச்சா, என்ன முடிவு, என்ன பதில் அனுப்பினோம். செய்தி எழுதின நிருபரே அவர் செய்தி மேல வந்த புகாரை விசாரிக்கக் கூடாது, அவர்கிட்ட விளக்கம் கேளுங்க, முடிவு வேற ஆள் எடுக்கணும். இதுல வெளில யாரும் பேசாத ஒரு விஷயம் இருக்கு. மாவட்டத்துல நிறைய ஸ்டிரிங்கர் (பகுதி நேர நிருபர்) தம்பிங்க சம்பளம்னு பெருசா ஒண்ணும் இல்லாம விளம்பர கமிஷன்ல ஓட்டுறாங்க. தலைவர் பிறந்தநாள் விளம்பரம் கொடுக்குற மாவட்ட செயலாளரையும், நோட்டீஸ் அடிக்கவே காசில்லாத அமைப்பையும் அதே தம்பிதான் கவர் பண்றான். அவனைக் கெட்டவன்னு சொல்ல மாட்டேன், அவனை அந்த இடத்துல நிக்க வெச்ச நிர்வாகத்தைத்தான் சொல்வேன். புகாரை விசாரிக்கும்போது இதையும் மனசுல வெச்சுக்கோங்க.

நீங்க சொன்ன மறியல் செய்திக்கு வர்றேன். தகவல் தப்பில்லன்னு அவரே பெருந்தன்மையா சொல்லிட்டார், நான் சொல்ல மாட்டேன். எதுக்கு மறியல்ங்கறது இல்லாத மறியல் செய்தி அரைகுறைச் செய்தி, முக்கியமான தகவல் விட்டுப்போச்சுன்னா அதுவும் பிழைதான். பொதுமக்கள் அவதின்னு எழுதுறோமே, தண்ணி இல்லாம குடத்தோட ரோட்டுல உக்காந்தவங்க பொதுமக்கள் இல்லையா? பிரஸ் கவுன்சில் நெறிமுறைலயே இருக்கு, தலைப்பு கீழ இருக்கற செய்திக்குப் பொருந்தி நிக்கணும், குற்றச்சாட்டை தலைப்பாக்கினா யாரு சொன்னதுன்னு இருக்கணும் இல்ல மேற்கோள் குறியாவது போடணும். இதுக்கு "திருத்தம்"னு சின்ன எழுத்துல போடாதீங்க. அந்தத் தெருவுக்கு ஒரு நிருபரை அனுப்பி குடிநீர் வந்துச்சா இல்லையான்னு ஒரு செய்தி போடச் சொல்லுங்க, அதுல இன்ன தேதில இன்ன அமைப்பு இந்தக் கோரிக்கைக்கு மறியல் பண்ணாங்க, நம்ம செய்தில கோரிக்கை விட்டுப்போச்சுன்னு ஒரு வரி சேருங்க. அதே பக்கத்துல, அதே அளவுல வரணும். மறியல் செய்தி மூணாம் பக்கம் மேல வந்துட்டு இது ஒன்பதாம் பக்கம் டெண்டர் அறிவிப்புக்கு அடில வந்தா அது இன்னொரு அவமானம்.

ஒன்றியப்_பொறுப்பு:

நான் டேபிளுக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆளு, ஒரு இடதுசாரி கட்சில ஒன்றிய அளவுல பொறுப்பு. பத்திரிகைக்கு அறிக்கை எழுதி கொண்டு போய் கொடுக்குறது என் வேலைதான், அதனால இதைப் பத்தி பேச எனக்கும் கொஞ்சம் இருக்கு.

நாங்க எல்லாரும் புகழ்ச்சி எதிர்பாத்து போன் பண்றதா டெஸ்க்ல நினைக்கிறாங்க. சிலர் அப்படித்தான், எல்லா கட்சியிலயும் இருக்காங்க. ஆனா எங்களை உறுத்துறது என்னன்னா, எங்க மேல ஒரு குற்றச்சாட்டு வரும்போது எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம போடுறது. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு தடவை ரிங் விட்டுட்டு "தொடர்பு கொள்ள முடியவில்லை"ன்னு எழுதிடுறாங்க, ஆளுங்கட்சி மேல குற்றச்சாட்டுன்னா அமைச்சர் விளக்கம் வர்ற வரைக்கும் செய்தியையே நிறுத்தி வெப்பாங்க. அதுதான் தோழர் பாரபட்சம், போட்டோ சைஸ் இல்ல.

இன்னொண்ணு, பதிலே வராம இருக்கறது. மறுப்புக் கடிதம் தபால்ல அனுப்புவோம், போய்ச் சேர்ந்ததுங்கற அத்தாட்சி மட்டும் திரும்பி வரும். உங்க புகாரை பாத்தோம், இந்தக் காரணத்தால இது தப்புன்னு நாங்க நினைக்கலன்னு ரெண்டு வரி எழுதினா கூட நாங்க ஏத்துப்போம், கமிட்டில வாசிச்சு காட்டுவோம். பதில் வராதபோதுதான் பசங்க பேப்பரைக் கொளுத்தணும், ஆபீஸ் முன்னாடி ஆர்ப்பாட்டம்னு கிளம்புறாங்க, அப்ப அவங்களைப் பிடிச்சு நிறுத்துறது எங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. அந்த நகரப் பொறுப்பாளர் கட்டிங் எடுத்துக்கிட்டு நேர்ல வந்தாரு பாருங்க, அவருக்கு தயவுசெஞ்சு எழுத்துல பதில் கொடுங்க. எங்களுக்காவது கட்சின்னு ஒண்ணு இருக்கு, நாளைக்கு சட்டமன்றத்துல பேச ஒரு ஆள் கிடைப்பார். அவருக்கு அந்தப் பேப்பரை விட்டா வேற வழி இல்ல.

ஆய்வு_மாணவி:

இதழியல்ல பிஎச்டி பண்றேன். "ரெண்டு பக்கமும் திட்டுறாங்க" விஷயத்துக்கு பழைய ஆய்வு ஒண்ணு இருக்கு, சொல்றேன். 1982ல பெய்ரூட்ல சப்ரா ஷட்டீலா அகதி முகாம் படுகொலை நடந்துச்சு இல்லையா, அதைப் பத்தி அமெரிக்க டிவில வந்த செய்திகளை ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினாங்க. இஸ்ரேல் ஆதரவாளர்களும் பாத்தாங்க அரபு ஆதரவாளர்களும் பாத்தாங்க, ஒரே செய்திதான். ரெண்டு தரப்பும் இது எங்களுக்கு எதிரா சாய்ஞ்சிருக்குன்னு சொன்னாங்க. வலோன், ராஸ், லெப்பர் மூணு பேரும் சேர்ந்து 1985ல வெளியிட்டாங்க.

இதை வெச்சு நிறைய எடிட்டர்ங்க பாத்தீங்களா புகாரெல்லாம் மனப்பிரமைன்னு சொல்வாங்க, அது தப்பான முடிவு. ஒரு விஷயத்துல ஆழமா ஈடுபாடு இருக்கறவங்களுக்கு நேர்மையான செய்தியும் சாய்வா தெரியும்னுதான் அந்த ஆய்வு காட்டுது. சாய்வான செய்தியே கிடையாதுன்னு அது சொல்லல. ரெண்டு தரப்புல இருந்தும் கோபம் வர்றதை வெச்சு செய்தி நல்லதா கெட்டதான்னு எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால செய்தியைத்தான் எண்ணிப் பாக்கணும். ஒரு மூணு மாச இதழ் எடுத்து, ஒவ்வொரு கட்சி அமைப்பு போராட்டச் செய்திலயும் கோரிக்கை எந்தப் பாராவுல வருது, தலைப்புல கோரிக்கை இருக்கா இடைஞ்சல் இருக்கா, எதிர்த்தரப்பு விளக்கம் இருக்கா, எத்தனாம் பக்கம்னு ஒரு ஷீட்ல போடுங்க. ஒரு செய்தில சாய்வை நிரூபிக்கிறது கஷ்டம், அது தற்செயல்னு யாரும் சொல்லிடலாம். மூணு மாசம் ஒரே மாதிரி இருந்தா தற்செயல்னு சொல்ல முடியாது. அந்த ரெண்டு கட்டிங் கொண்டு வந்தவர் உங்களுக்கு இந்த வேலையை பாதி செஞ்சே கொடுத்திருக்கார்.

இதுக்குன்னே தனியா ஆள் வெச்ச பேப்பரும் உண்டு. லண்டன் கார்டியன் 1997ல வாசகர் ஆசிரியர்னு ஒரு பதவி போட்டாங்க, இயான் மேய்ஸ்தான் முதல் ஆள். அதைப் பாத்து நம்ம சென்னைல தி இந்து 2006ல கே. நாராயணனை நியமிச்சாங்க, செய்தி ஆசிரியருக்கு கட்டுப்படாம தனியா விசாரிச்சு எழுதுற பொறுப்பு. எல்லா பேப்பரும் அப்படியே வெச்சுக்கலன்னு சொல்லணும், நியூயார்க் டைம்ஸ் 2003ல ஆரம்பிச்ச பொது ஆசிரியர் பதவியை 2017ல எடுத்தே விட்டாங்க. வாசகர்கள் சோசியல் மீடியால கேள்வி கேக்குறாங்களே அது போதும்னு காரணம் சொன்னாங்க. எனக்கு அது சரியான காரணமா படல, சோசியல் மீடியால கேக்குறவங்களுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டிய கடமை இல்ல.

அட்வகேட்_மதுரை:

சட்டப் பக்கம் நான் சொல்றேன். பிரஸ் கவுன்சில்னதும் சிலர் பயப்படுறாங்க சிலர் சிரிக்கிறாங்க, ரெண்டும் வேண்டாம். 1978 சட்டத்துல வந்த அமைப்பு. அதோட 14வது பிரிவுல எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், கண்டனம் தெரிவிக்கலாம், விசாரணை விவரத்தை அந்தப் பேப்பர்லயே வெளியிடச் சொல்லலாம், அவ்வளவுதான். அபராதம் போடவோ ஜெயிலுக்கு அனுப்பவோ அதிகாரம் கிடையாது. நிருபரோட சோர்ஸ் யாருன்னு சொல்லுன்னு கட்டாயப்படுத்தவும் முடியாது. புகார் கொடுக்குறவர் முதல்ல எடிட்டருக்கு எழுதி அவர் கவனத்துக்குக் கொண்டு போயிருக்கணும், அதுக்கப்புறம்தான் கவுன்சிலுக்குப் போகணும், நாளிதழ்னா செய்தி வந்து ரெண்டு மாசத்துக்குள்ள. கோர்ட்ல நிலுவைல இருக்கற விஷயத்தை எடுக்க மாட்டாங்க. இதுல நைட் டெஸ்க் கவனிக்க வேண்டியது, எடிட்டருக்கு எழுதினப்ப பேப்பர் என்ன பண்ணுச்சுன்னுதான் முதல் கேள்வியே வரும். அப்ப அந்த நோட்டும் பதில் கடிதமும்தான் உங்களைக் காப்பாத்தும்.

அவதூறு வழக்குக்கு வருவோம். பழைய இபிகோ 499, இப்ப 2024 ஜூலைல இருந்து பிஎன்எஸ் (இபிகோவுக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 356. ஒரு அமைப்பையோ கூட்டத்தையோ பத்தி எழுதினாலும் அவதூறு ஆகலாம்னு அதுல விளக்கம் இருக்கு, ஆனா அந்தக் கூட்டம் அடையாளம் காணக்கூடிய, வரையறுத்த குழுவா இருக்கணும். இதுக்கு நம்ம ஊர் வழக்கே முன்னுதாரணம். 1971 ஜனவரில சேலத்துல திராவிடர் கழகம் சார்பா மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடந்துச்சு. அதுல போட்ட ஒரு தீர்மானத்தை பேப்பர்ங்க திரிச்சுப் போட்டாங்கன்னு வரவேற்புக் குழுத் தலைவர் சொக்கப்பா கிரிமினல் அவதூறு வழக்கு போட்டார். ஒரு மனைவி இன்னொரு ஆணை விரும்பினா அதைக் குற்றமாக்கக் கூடாதுங்கறதுதான் தீர்மானம், பேப்பர்ல வந்ததோ அடுத்தவன் மனைவியை விரும்புறது குற்றம் ஆகக் கூடாதுன்னு. ஒரு பெண்ணோட விருப்பத்தைப் பத்தின தீர்மானம் ஒரு ஆணோட ஆசையைப் பத்தினதா மாறிப்போச்சு, எவ்வளவு பெரிய வித்தியாசம் பாருங்க. 1972ல உச்ச நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னா, மாநாடுங்கறது வரையறுத்த ஒரு குழு இல்ல, வந்து போற கூட்டம், அதனால வரவேற்புக் குழுத் தலைவர் தன்னை பாதிக்கப்பட்டவர்னு சொல்லி வழக்கு போட முடியாதுன்னு பேப்பர்காரங்க மேல இருந்த வழக்கை ரத்து பண்ணிடுச்சு.

பேப்பருக்கு வெற்றிதான், சட்டப்படி சரியான தீர்ப்புதான். ஆனா வரவேற்புக் குழு கேட்டது நாங்க போட்ட தீர்மானம் அது இல்லையேங்கறது. அந்தக் கேள்விக்கு பதில் சொல்ல கோர்ட் வரைக்கும் போயும் இடம் கிடைக்கல, கேள்வி வேற இடத்துல முடிஞ்சிடுச்சு. அதே சேலம் நிகழ்வு பத்தி 2020 ஜனவரில ரஜினி பேசப் போய் மறுபடியும் என்ன நடந்தது என்ன நடக்கலன்னு தமிழ்நாடே சண்டை போட்டுச்சு. எந்த வழக்குலயும் நீங்க ஜெயிக்கலாம்ங்கறதுக்காக புகாரை வக்கீல் கைல மட்டும் விடாதீங்கன்னுதான் வக்கீலான நானே சொல்றேன். நோட்டீஸ் வந்தா லீகலுக்கு அனுப்புங்க, ஆனா செய்தி சரியா தப்பான்னு டெஸ்க் தனியா பாத்து முடிவெடுக்கணும்.

யாழ்_வாசகன்:

எங்கட இலங்கையில 2002இல குற்றவியல் அவதூறுச் சட்டத்தை எடுத்திட்டினம். அதுக்குப் பிறகு 2003இல பத்திரிகைக்காரரே சேர்ந்து பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு எண்டு ஒண்டைத் தொடங்கினவை, அரசாங்கம் அதில இல்லை. முறைப்பாட்டை எடுத்து ரெண்டு பக்கத்தையும் கதைக்க வைச்சு திருத்தமோ பதிலோ போட வைக்கிறதுதான் அவையின்ர வேலை. மற்றப் பக்கத்தில 1973ஆம் ஆண்டு பத்திரிகைப் பேரவைச் சட்டம் எண்டு ஒண்டும் இருக்கு, அதில ஆக்களைச் சிறைக்கு அனுப்பவும் இடம் இருக்கு. ரெண்டையும் பாத்தவன் எண்ட முறையில சொல்லுறன், பத்திரிகைகள் தாங்களே முறைப்பாடுகளைக் கவனிக்கேல்லை எண்டால் அரசாங்கம் நாங்கள் கவனிக்கிறம் எண்டு வரும், அது உங்களுக்கும் நல்லதில்லை, அந்தச் சின்ன அமைப்புக்கும் நல்லதில்லை.

நைட்_டெஸ்க்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விரிவா எழுதுவீங்கன்னு நினைக்கல. சேலம் வழக்கு எனக்கு இப்பதான் தெரியும், எங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன். ஒன்றியப் பொறுப்பு தோழர் சொன்னது உண்மை, எழுத்துல பதில் இன்னைக்கே அனுப்பிட்டேன், அந்தத் தெருவுக்கு நிருபரும் போயிருக்கார். மூணு மாச ஷீட்டும் ஆரம்பிச்சாச்சு. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். எலக்சன் வருது, அப்ப புகார் பத்து மடங்கு ஆகும்னு பயமுறுத்துறாங்க. அப்பவும் இதே முறைதானா? காசு வாங்கிட்டு செய்தி போடுறீங்கன்னு புகார் வந்தா?

பழைய_புரூப்:

எலக்சன்ல ரெண்டு விஷயம் மாறும் தம்பி. ஒண்ணு வேகம். மத்த நாள்ல ஒரு வாரம் எடுத்து விசாரிக்கலாம், பிரச்சாரம் முடியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஒரு வேட்பாளரைப் பத்தி தப்பா வந்தா மறுநாள் பேப்பர்லயே வரணும், ஓட்டுப் போட்டு முடிச்ச பிறகு போடுற திருத்தம் யாருக்கு? அதனால அந்த நாட்கள்ல நைட் பேஜ் முடியற வரைக்கும் புகார் பாக்க ஒரு ஆள் உக்காந்திருக்கட்டும், எடிட்டரைக் கேக்காம திருத்தம் போடுற அதிகாரத்தை அந்த ஆளுக்கு முன்கூட்டியே எழுதி வாங்கிக்கோங்க.

ரெண்டாவது காசு செய்தி. அந்தப் புகாரை மட்டும் நீங்க டெஸ்க்ல முடிக்கப் பாக்காதீங்க. மாவட்டத்துல தேர்தல் அதிகாரி தலைமையில ஊடகக் கண்காணிப்புக் குழு இருக்கும், வேட்பாளருக்கு நோட்டீஸ் போகும், உறுதியானா அந்தச் செலவை அவர் தேர்தல் கணக்குல ஏத்துவாங்க. 2009 தேர்தல்ல பேப்பர்ங்க காசு வாங்கிட்டு செய்தி போட்டதுக்கு அப்புறம் பிரஸ் கவுன்சிலே பரஞ்சய் குகா தாகுர்தா, சீனிவாச ரெட்டி ரெண்டு பேரை வெச்சு விசாரிச்சுச்சு, பேப்பர் பேரெல்லாம் போட்டு அவங்க கொடுத்த அறிக்கையை 2010ல கவுன்சில் முழுசா வெளியிடாம சுருக்கி வெளியிட்டுச்சு. அந்த மாதிரி உங்க ஆபீஸ்ல நடக்காம இருக்கணும்னா விளம்பரப் பிரிவுல இருந்து டெஸ்குக்கு வர்ற எந்த மேட்டரா இருந்தாலும் "விளம்பரம்"னு மேல போட்டு, வேற எழுத்துருல, கட்டம் கட்டித்தான் பக்கத்துக்கு போகணும்னு இப்பவே உத்தரவு வாங்குங்க. வாய்ல சொன்னா ஒத்துக்காதீங்க, மெயில்ல வாங்குங்க. தேதி அறிவிச்ச பிறகு கேட்டா கொடுக்க மாட்டாங்க.